அதிர்வின் மொழி அறிந்தவர்

நுழையும்முன்

தட்டினால் ஒலிப்பதும் மீட்டினால் இசைப்பதும் நாம் நாளும் காணும் நிகழ்ச்சிகள். மிகப் பழகியவை ஆதலின் அவற்றைப் பற்றி வினா எழுப்புவோர் சிலரே. அவ்வாறு வினா எழுப்பி, வீணையின் நரம்பிலிருந்து மூலக்கூறின் நடுக்கம் வரை விடை தேடிச் சென்ற ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரையில் எழும் வினாக்கள்

காவிரி வளநாட்டின் கிழக்கு எல்லையில், வங்கக் கடலின் கரையில் அமைந்த ஊர் தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல். பாடி என்பது ஊரைக் குறிக்கும் ஈறு. எனினும் பாடுதல் என்னும் பொருளையும் அதில் ஏற்றி, அலைகள் பாடும் ஊர் என்று மக்கள் விளக்கம் கூறி மகிழ்கின்றனர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டதும், 1620-இல் தேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் எதிரே இன்றும் ஓயாது ஒலிப்பதும் அதே அலைகள்தாம்.

அக்கரையில் நிற்பவர் மனத்தில் இரண்டு வினாக்கள் இயல்பாகவே எழும். அலை ஏன் ஒலிக்கிறது என்பது ஒன்று. கையில் அள்ளினால் நிறமற்றிருக்கும் நீர், கடலாக விரியும்போது ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பது மற்றொன்று. ஒன்று காதுக்குரியது, மற்றொன்று கண்ணுக்குரியது. இவ்விரு வகை வினாக்களையும் தம் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தவர் சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவராகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் நரம்பையும் தோலையும் உருண்டையையும் தட்டியும் மீட்டியும் மோதவிட்டும் ஆராய்ந்தார் என்பது பலர் அறியாதது.

இளமையும் கல்வியும்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரன், தாயார் பார்வதி. தந்தைவழி முன்னோர் தஞ்சை வட்டாரச் சிற்றூர்களில் நிலம் வைத்திருந்த குடும்பத்தினர். கழனியை விட்டுக் கல்வியை நாடிய முதல் தலைமுறைகளுள் ஒன்று அவருடையது. 1892-இல் சந்திரசேகரன் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளர் பணியேற்றார். அவருடைய இல்லத்தில் கணிதமும் இயற்பியலும் சார்ந்த நூல்கள் நிறைந்திருந்தன. அவர் வயலின் வாசிப்பதிலும் நாட்டம் உடையவர். நூலும் இசையும் ஒரே கூரையின்கீழ் இருந்த சூழலில் இராமன் வளர்ந்தார்.

பதினொரு வயதில் பள்ளி இறுதித் தேர்வில் வென்ற இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904-இல் இளங்கலைப் பட்டத்தை முதலிடத்துடன் பெற்றார். மாணவப் பருவத்திலேயே செருமானிய அறிஞர் எல்மோல்ட்சு இசையின் இயற்பியலைப் பற்றி எழுதிய நூலை ஆழ்ந்து கற்றார். செவி உணரும் இனிமைக்கு எண்கள் சார்ந்த காரணம் உண்டு என்பதை அந்நூல் அவருக்கு உணர்த்தியது. 1906-இல், பதினெட்டு வயதில், ஒளி பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த அறிவியல் இதழில் இடம்பெற்றது.

ஆனால் அக்காலத்து இந்தியாவில் ஆராய்ச்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள வழியில்லை. திறமை மிக்க இளைஞர் அரசுப் பணியை நாடுவதே இயல்பு. 1907-இல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்ற இராமன், அவ்வாண்டே வீணை பயின்ற உலோகசுந்தரியை மணந்து, உதவித் தலைமைக் கணக்கு அலுவலராகக் கல்கத்தாவுக்குச் சென்றார்.

கணக்கரும் ஆய்வுக்கூடமும்

கல்கத்தாவில் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. இந்தியர் தம் முயற்சியால் அறிவியல் ஆய்வு செய்ய வேண்டும் என்னும் நோக்கத்துடன் தொடங்கப்பெற்ற அக்கழகத்தில், கருவிகள் இருந்தும் ஆய்வாளர் இன்மையால் கூடம் பெரும்பாலும் வெறிச்சோடியிருந்தது. தம் போக்குவரத்தின் இடையே அதன் பெயர்ப்பலகையைக் கண்ட இராமன், உள்ளே சென்று ஆய்வு செய்ய இசைவு பெற்றார். அன்றுமுதல் அவருடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் ஆய்வுக்கூடத்திற்கு உரியதாயிற்று. இடையில் உள்ள நேரம் அரசின் கணக்குகளுக்கு உரியதாயிற்று.

அங்கே அவருக்குத் துணையாக அமைந்தவர் ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவருடைய கைத்திறனை இராமன் பெரிதும் மதித்தார். ஆய்வுக் கட்டுரையில் தம் பெயருடன் அவர் பெயரையும் சேர்த்து வெளியிட்டார்.

1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை இராமன் ஏற்றார். நிதித்துறையில் அவர் பெற்ற ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே அப்பதவிக்குரியது. உயர்பதவிக்கு வழி திறந்திருந்த காலத்தில், பத்தாண்டு உழைத்த பணியை அவர் துறந்தார். அப்பதவியை ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்னும் விதியை ஏற்க அவர் மறுத்ததும், அவ்விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டதும் குறிப்பிடத்தக்கவை. இந்தியாவில் இருந்துகொண்டே, இந்தியாவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே முதல்தர அறிவியலைப் படைக்க இயலும் என்பது அவருடைய உறுதி. அவ்வுறுதி மெய்ப்படுமா என்பதற்கு அன்று யாரிடமும் சான்று இல்லை. தம் வாழ்க்கையையே அதற்குப் பணயமாக வைத்தார் இராமன்.

வில்லும் நரம்பும்

எந்தப் பொருளும் தட்டப்பட்டாலோ இழுத்து விடப்பட்டாலோ தனக்கே உரிய வேகத்தில் அதிர்கிறது. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகும். இழுவிசையைக் கூட்டினாலும் அது உயரும். இழுத்துக் கட்டிய நரம்பு ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படைச் சுரத்துடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு என மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. அவை முழு எண் மடங்குகளாக அமைவதால்தான் நரம்பின் ஒலி செவிக்கு இனிக்கிறது.

வயலினில் வில் ஒரே திசையில் சீராக இழுக்கப்படுகிறது. நரம்போ முன்னும் பின்னுமாக அதிர்கிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது? வில்லின் மயிர் நரம்பைப் பற்றி இழுத்துச் செல்கிறது. ஓர் எல்லையில் நரம்பு வழுக்கித் திரும்புகிறது. மீண்டும் வில் அதனைப் பற்றுகிறது. பற்றுதலும் வழுக்குதலுமான இச்செயல் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. இதனைக் கணித முறையில் விரிவாக ஆராய்ந்து இராமன் 1918-இல் ஒரு தனிநூலாக வெளியிட்டார். மனிதக் கையின் தடுமாற்றம் ஆய்வில் புகாதிருக்க, வயலினை வாசிக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். அப்பொறியில் வில் நிலையாக இருக்க, வயலின் முன்னும் பின்னும் நகர்ந்தது.

மோதலின் ஓசை

அதிர்வை ஆராய்ந்தவர் மோதலையும் ஆராய்ந்தது இயல்பே. ஏனெனில் பெரும்பாலான அதிர்வுகள் ஏதேனும் ஒரு மோதலில் இருந்தே பிறக்கின்றன. இரண்டு உருண்டைகள் மோதினால் பட்டென்று ஓசை எழுகிறது. உருண்டைகளின் உள்ளே தோன்றும் அதிர்வே அவ்வோசை என்று எண்ணத் தோன்றும். இராமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த சுதாங்சுகுமார் பானர்ஜி வேறொரு விடையைக் கண்டார். சிறிய கெட்டியான உருண்டையின் உள்ளதிர்வுகள் நம் செவிக்கு எட்டாத அளவு உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. மோதும் கணத்தில் உருண்டைகளின் வேகம் திடீரென மாறுவதால், அவற்றைச் சூழ்ந்த காற்று தள்ளப்படுகிறது. நாம் கேட்பது அக்காற்றின் அலையையே.

மிக மெல்ல மோதும் உருண்டைகளை நிழற்படம் எடுத்தும் இராமன் ஆராய்ந்தார். மோதும் வேகம் குறையக் குறைய, உருண்டைகள் ஏறத்தாழ அதே வேகத்துடன் மீளுகின்றன என்று 1918-இல் நிறுவினார். வலிய மோதலில் பொருளின் வடிவம் சிதைந்து ஆற்றல் வீணாகிறது. மெல்லிய மோதலில் அவ்விழப்பு மிகக் குறைவு. 1920-இல் இராமனும் ஆசுதோஷ் தேவும் நீரில் பொருள் விழும்போது எழும் ஓசையைப் பற்றியும் கட்டுரை எழுதினர். பின்னர் 1933-இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் மின்னார்ட்டு, ஓடும் நீரின் ஒலிக்கு அதில் சிக்கிய காற்றுக் குமிழ்களின் அதிர்வே காரணம் என விளக்கினார். கரையில் உடையும் அலையின் பாட்டிலும் எண்ணற்ற குமிழ்களின் குரலே மிகுதியாகக் கேட்கிறது.

மிருதங்கத்தின் நுட்பம்

நரம்பின் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக அமையும் என்று கண்டோம். விறைப்பாகக் கட்டிய தோல் அவ்வாறன்று. சீரான தடிப்புள்ள வட்டத்தோலின் அடுத்தடுத்த அதிர்வெண்கள் அடிப்படையைப் போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி அமைகின்றன. ஆகவே பறை வகைகள் தாளத்திற்கு உரியனவேயன்றிச் சுரத்திற்கு உரியன அல்ல என்பது மேனாட்டு இயற்பியலார் கருத்து.

காவிரிக் கரையின் மிருதங்கமோ சுருதி சேர்க்கப்படும் கருவி. அதன் வலந்தலையில் தட்டும்போது தெளிந்த சுரம் கேட்கிறது. இதன் காரணத்தை இராமன் சிவகாளி குமாருடன் இணைந்து 1920-இல் வெளியிட்டார்; 1934-இல் மேலும் விரிவாக எழுதினார். வலந்தலையின் நடுவே கருநிற வட்டமாக அமைவது கரணை. இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து உலரவிட்டுக் கைவினைஞர் அதனை உருவாக்குகின்றனர். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் அமையும் இப்பாரம், தோலின் ஒழுங்கற்ற அதிர்வெண்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் சென்று தங்கும். அக்கோலங்களைக் கொண்டு இராமன் ஒவ்வோர் அதிர்வையும் இனங்கண்டார். முதல் ஒன்பது வகை அதிர்வுகளும் ஐந்தே சுரங்களில், அதாவது அடிப்படையிலும் அதன் 2, 3, 4, 5 மடங்குகளிலும் வந்து அடங்குவதை நிறுவினார்.

கணிதச் சமன்பாடு எதையும் அறியாத கைவினைஞர், செவியையும் விரலையுமே அளவுகோலாகக் கொண்டு, பல தலைமுறைகளாகத் திருத்தித் திருத்தி அடைந்த தீர்வு அது. உலகம் தாளக் கருவி என்று மட்டுமே எண்ணியிருந்த ஒன்றை இசைக் கருவியாக்கிய அவர்களின் அறிவுக்கு, அறிவியல் இதழ்களின் பக்கங்களில் இடம் பெற்றுத் தந்தவர் இராமன்.

வீணையின் குதிரை

தஞ்சாவூர் பலாமரத்தில் வீணை கடையும் கலைக்குப் பெயர்பெற்றது. வீணையின் குதிரை வயலினின் குதிரையைப் போல் கூர்விளிம்பு உடையதன்று. சற்று வளைந்த அகன்ற பரப்பை உடையது. தம்புராவிலும் அவ்வாறே, அதில் குதிரைக்கும் நரம்புக்கும் இடையே மெல்லிய நூல் ஒன்றும் செருகப்படுகிறது. அதிரும் நரம்பு அப்பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒரு நரம்பை ஒரு மேற்சுரத்தின் கணுவில் மீட்டினால் அம்மேற்சுரம் எழாது என்பது ஐரோப்பிய அறிஞர் கண்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் அம்மேற்சுரம் எழுவதை இராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். நரம்பு குதிரையின் பரப்பைத் தொட்டு விலகுவதே அதற்குக் காரணம் என்றார். செருமனியில் 1927-இல் வெளிவந்த இயற்பியல் பெருங்களஞ்சியத்தில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு அவருக்கே அளிக்கப்பட்டது.

கடலின் நீலம்

1921-இல் இராமன் முதன்முறையாக ஐரோப்பாவுக்குச் சென்றார். இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மாடத்தில், சுவரோரம் முணுமுணுத்த சொல் எதிர்ச்சுவரோரம் நிற்பவர்க்குக் கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் எதிரொளிப்பதே கடலின் நிறம் என்று இராலே பெருமகனார் கூறியிருந்தார். தம்மிடமிருந்த சிறு படிகக் கருவியால் வானின் எதிரொளியை விலக்கிவிட்டு இராமன் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவுக்கு வந்தார்.

இன்று நாம் அறிவது இதனினும் சற்று விரிந்தது. நீரின் மூலக்கூறு தன் அதிர்வுக்குச் சிவப்பு ஒளியைச் சிறிதளவு உட்கொள்கிறது. எஞ்சிய நீலம் சிதறி நம் கண்ணை அடைகிறது. ஆகவே கடலின் நிறத்திற்குப் பின்னாலும் ஓர் அதிர்வு உள்ளது. இராமனின் விடை முழுமையானது அன்றெனினும், அவ்வினா அவரை ஒலியிலிருந்து ஒளிக்கு முழுமையாகத் திருப்பியது.

ஒளியின் மோதல்

அடுத்த ஏழு ஆண்டுகள் இராமனும் அவருடைய மாணவர்களும் நீர்மங்களிலும் பிற பொருள்களிலும் ஒளி சிதறுவதை ஆராய்ந்தனர். தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களுள் முதன்மையானவர். சிதறிய ஒளியில் மூல ஒளியின் நிறத்தோடு வேறொரு மங்கிய நிறமும் கலந்து வருவதை அவர்கள் கண்டனர். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், பாதரச விளக்கின் ஒளியில் புதிய நிறமாலைக் கோடுகள் தெளிவாகப் புலப்பட்டன. அதுவே இராமன் விளைவு.

மோதலைக் கொண்டே இதனை விளக்கலாம். ஒளியை ஆற்றல் பொட்டலங்களாகக் கருதுவோம். அவை மூலக்கூறுகளின்மீது மோதிச் சிதறும்போது பெரும்பாலானவை தம் ஆற்றலை இழப்பதில்லை, நிறமும் மாறுவதில்லை. ஏறத்தாழக் கோடியில் ஒன்று மட்டும் மூலக்கூறை அதிரச் செய்து அதற்குரிய ஆற்றலை இழக்கிறது; அல்லது முன்பே அதிரும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெறுகிறது. இழந்தால் நிறம் சிவப்பின் பக்கமும், பெற்றால் நீலத்தின் பக்கமும் நகர்கிறது. நகர்வின் அளவு மூலக்கூறின் அதிர்வெண்ணைக் காட்டிவிடும். தட்டிப் பார்த்து மண்பானையின் தரத்தை அறிவதுபோல, ஒளியால் தட்டி மூலக்கூறின் இயல்பை அறியும் வழி திறந்தது. மருந்தின் தூய்மையை ஆய்வதற்கும் மணிக்கற்களை இனங்காண்பதற்கும் இன்று இம்முறை பயன்படுகிறது.

அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்சுபெர்க்கும் மண்டல்ஸ்டாமும் படிகங்களில் இவ்விளைவையே கண்டிருந்தனர். ஆயினும் இராமனும் கிருஷ்ணனும் தம் முடிவுகளை முந்தி வெளியிட்டனர். 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. இந்திய மண்ணில் நடந்த ஆய்வுக்குக் கிடைத்த சிறப்பு அது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வைத்த பணயம் வென்றது.

பிற்காலம்

1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக இராமன் பொறுப்பேற்றார். நிருவாகத்தோடு எழுந்த வேறுபாடுகளால் 1937-இல் அப்பொறுப்பை விட்டு விலகி, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். அக்காலத்தில் நாகேந்திர நாத்துடன் இணைந்து, செவிக்கு எட்டாத மீயொலி அலைகள் ஒரு நீர்மத்தினூடே செல்லும்போது அங்கு ஒளி எவ்வாறு வளைகிறது என்பதை விளக்கினார். ஒலியும் ஒளியும் அவருடைய ஆய்வில் ஒன்றாகக் கலந்தது அங்கேதான். 1934-இல் இந்திய அறிவியல் கழகத்தையும், 1948-இல் தம் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அவர் வளர்த்த மரங்கள் நிறைந்த நிறுவனத் தோட்டத்திலேயே அவருடலுக்கு எரியூட்டப்பட்டது. பிப்ரவரி 28 ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இராமன் ஆராய்ந்த பொருள்கள் அரியவை அல்ல. நரம்பு, தோல், உருண்டை, நீர், ஒளி ஆகிய அனைத்தும் எவர் வீட்டிலும் தெருவிலும் காணக்கூடியவை. பொருள் எளிதாயினும் அதனிடம் கேட்கும் வினா கூர்மையாக இருந்தால், அப்பொருள் விடை தரும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. கோயில் மணியின் நீண்ட ஒலியும், களத்துமேட்டில் கொட்டும் நெல்லின் சலசலப்பும், மழைத்துளி ஓட்டில் விழும் ஓசையும் இன்னும் வினாக்களாகவே உள்ளன. கேட்பதற்கு உரியவர் மாணவர்களாகிய நீங்கள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள இசைக்கருவிக் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் கருவியைச் சுருதி சேர்க்கும் முறையைக் கேட்டறிந்து குறிப்பெழுதுக.

2. தட்டொன்றின்மீது தோலோ மெல்லிய தாளோ இழுத்துக் கட்டி, நுண்மணல் தூவித் தட்டுக. மணல் அமையும் கோலங்களை வரைந்து வகுப்பறையில் விளக்குக.

3. பெரும்பதவியைத் துறந்து ஆய்வை ஏற்ற இராமனின் முடிவு சரியானதே என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.